டம்ளர் பேட்ஜ்

“குத்தற சாமானப் போயி யாராச்சும் சேத்து வெப்பாங்களா?” என்று அம்மா கேட்பாள். நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இதே கேள்விதான். கேட்டுவிட்டு அவளும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

நான் சேர்த்தது பேட்ஜ். நெஞ்சில் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்களே, அந்தப் பேட்ஜ். வேலை நிறுத்தம், கேட் மீட்டிங், மே தினம், உண்ணாவிரதம், எது நடந்தாலும் அதற்கென்று ஒரு பேட்ஜ் வரும். நடந்து முடிந்த மறுநாள் அது குப்பைக்குப் போகும். எனக்கு அது பொறுக்காது. வெயிலில் ஒரு மனுஷன் நாள் முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டு நின்ற சாமானைச் சாக்கடையில் வீச எப்படித்தான் மனசு வருகிறதோ! பஸ்காரர்கள் வேலை நிறுத்தம் முடிந்து வண்டி எடுத்த அன்றைக்கு, நாமக்கல் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடம் வெட்கமில்லாமல் கேட்டே விட்டேன். “இத வெச்சு என்னம்மா பண்ணப்போற?” என்றார். “உங்களுக்கு வேண்டாமில்லீங்க, எனக்கு வேணுமுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார்.

அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். வாத்தியார்மார் குத்தியிருந்த கறுப்புத் துணிப் பேட்ஜ். மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள் போட்டிருந்த, அரிவாள் வளைவாக வெட்டின தகரம். ஆட்டையாம்பட்டித் தறிக்காரர்களுடையதில் ஒரு தறிநாடா படம். சேலத்தில் மே தின ஊர்வலத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், “நீ கேக்கறத பாத்தா குடுக்காம போவ முடியில” என்று முணுமுணுத்துக்கொண்டே தந்த பித்தளைப் பேட்ஜ். அதன் விளிம்பு தேய்ந்து பளபளவென்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் பெட்டியில் போட்டு, பெட்டியை என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடி மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கல்யாணமாகாத பெண் கழுத்தில் சாவி தொங்கினால் ஊர் என்ன பேசும்? பேசியது. பேசட்டும்.

எங்களுக்குக் காடு உண்டு, கிணறு உண்டு. தண்ணீர்தான் இல்லை. எழுபதுகளில் அடுத்தடுத்து வந்த வறட்சியில் கிணறு வற்றிப்போக, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட, அண்ணன் லாரிப் பட்டறைக்குப் பெயிண்டராகப் போனான். நான் நூல் மில்லுக்குப் போனேன். நேரில் அவனை ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது ‘அவன்’ என்றுதான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

மில்லில் எனக்கு வேலை வாங்கித் தந்தது மாமா, அம்மாவோடு பிறந்த தம்பி. ரீலிங் பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற இடம் அது, முழுக்கப் பெண்கள். “நான் சொல்லித்தான் இந்தப் புள்ளைய எடுத்தாங்க” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஒரு உபகாரத்தை வைத்து எங்கள் குடும்பத்தையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு ஒரு பெண் இருந்தாள். அவள் அண்ணனுக்குத்தான் என்று அவள் பிறந்தபோதே பேச்சு. ஆனால் கிணறு வற்றியதும் அந்தப் பேச்சும் வற்றிவிட்டது. கேட்டால், “பாக்கலாங்க்கா, இப்ப என்ன அவசரம்” என்பார்.

அண்ணனின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிக்குப் பின்னால் அவன் எழுதிய கிளி நம்மைத் திரும்பிப் பார்க்கும். எங்கள் மில் சங்கத்துக்குப் பேட்ஜ் எழுதித் தந்ததும் அவன்தான், காசு வாங்காமல். தகரக்காரர் எண்ணெய் டின்னை வட்டம் வட்டமாக வெட்டி, முதுகில் ஒரு கம்பியை ஈயம் வைத்து ஒட்டித் தருவார். அண்ணன் அதன்மேல் எனாமல் பெயிண்டில் எழுதுவான். தகரக்காரர் ஒட்டுகிற கம்பி நாலு தரம் குத்தினால் கழன்றுவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆணியால் தகரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, ஒரு ஊக்கை மில் நூலால் சுற்றிக் கட்டிவிடுவேன். ரீலிங்கில் அறுந்த நூலைச் சேர்க்க ஒரு சின்ன முடிச்சு உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் அதைப் போட்டுவிடும். என் கைக்கு வந்த தகரப் பேட்ஜ் ஒவ்வொன்றின் முதுகிலும் அந்த முடிச்சு இருக்கும்.

என் பக்கத்து மெஷினில் நின்றவள் காலனிப் பெண். வந்த புதிதில் என்னை “அம்மிணி” என்றும் “வாங்க, போங்க” என்றும் கூப்பிட்டாள். என் வயசுதான் அவளுக்கும். “இன்னொருக்கா ‘ங்க’ போட்டீன்னா நூல எடுத்து வாயக் கட்டிப்போடுவேன்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “செரி புள்ள” என்றாள். அன்று முதல் அவளுக்கு நான் புள்ள, எனக்கு அவள் புள்ள. சிவப்பு ரிப்பன் இல்லாமல் அவளைப் பார்த்த ஞாபகம் இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. மாமா நடக்கிற நடையை மெஷினுக்குப் பின்னாலிருந்து அவள் நடந்து காட்டினால் எங்கள் கையில் நூல் அறுந்துவிடும்.

ரீலிங்கில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அதன் மூடிமேல் ஒரு பித்தளை டம்ளர். பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து ஒரு அலுமினிய டம்ளர். பித்தளை எங்களுக்கு, அலுமினியம் காலனிப் பெண்களுக்கு. அதிலும் அவர்கள் தாங்களாக மொண்டு குடிக்கக் கூடாது. எங்களில் யாராவது ஊற்ற வேண்டும். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். உள்ளே பஞ்சுத் தூசியும் வேக்காடும் சேர்ந்து மூச்சை அடைத்தது. அவள் அலுமினிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பானையருகே நின்றாள். ஊற்ற ஒருத்தரும் வரவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் அலுமினியத்தை ஆணியில் மாட்டினாள், பித்தளையை எடுத்தாள், மொண்டாள், வயிறு முட்டக் குடித்தாள். மறுபடி மொண்டு, “இந்தா புள்ள” என்று என்னிடம் நீட்டினாள். நானும் வாங்கிக் குடித்தேன். நல்ல தாகம் எனக்கும்.

மாமா பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவளிடம், “நாளையிலருந்து நீ வர வேண்டாம்” என்றார். காரணம் கேட்டதற்கு நூலை அளவுக்கு மேல் வீணடிக்கிறாள் என்றார். என்னிடம், “ஊட்டுக்கு வாரேன், பேசிக்கலாம்” என்றார். ஒரே தண்ணீர், ஒரே டம்ளர். அவளுக்கு வேலை போனது, எனக்கு ஒரு வசவு. இதைவிட அநியாயம் வேறு ஏதாவது உண்டா?

சங்கச் செயலாளர், மெஷின் பழுது பார்க்கிற ஒரு வயதான பிட்டர். நல்ல மனுஷன், ஆனால் ரொம்ப யோசிப்பார். “கூலி, போனசுன்னா எல்லாரும் வருவாங்க. டம்ளருக்கு வருவாங்களாம்மா?” என்று தாடையைச் சொறிந்தார். வந்தார்கள். அவரே ஆச்சரியப்படுகிற அளவுக்கு வந்தார்கள். கோரிக்கை இரண்டு வரி: எல்லோருக்கும் ஒரே டம்ளர், அவளுக்குத் திரும்ப வேலை. மெஷினை நிறுத்தாமல், பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை செய்வது என்று முடிவானது. வேலை நடக்கிறபோது யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல முடியாது.

அந்தப் பேட்ஜை அண்ணன் எழுதினான். சிவப்புத் தரையில் மஞ்சளாக ஒரு டம்ளர். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, பித்தளை மின்னுகிற மாதிரி. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். “படிக்கத் தெரியாதவியளுக்கும் புரியோணுமில்ல அம்மிணி” என்றான். அடடா, அந்த நேரத்தில் என் அண்ணனைவிட உசந்த மனுஷன் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே கிடையாது எனக்கு. மில் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பெண்கள் அதைக் குத்திக்கொண்டு வேலை செய்தார்கள். அவள் தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே, அதே பேட்ஜோடு நிற்பாள். அவளுடையதில் கம்பி உடைந்தபோது என்னிடம் நூல் இல்லை. தன் ரிப்பனின் ஓரத்தை நாராகக் கிழித்து அவளே தந்தாள். அதை வைத்துக் கட்டிக்கொடுத்தேன். அதனால் அந்த ஒரு பேட்ஜின் முதுகில் மட்டும் சிவப்பு முடிச்சு.

ஆடிப் பதினெட்டு நோம்பி முடிந்த மறுநாள் சேலத்திலிருந்து லேபர் ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. நேரில் மில்லுக்குள் வந்து பார்ப்பாராம். “அன்னைக்கு ஒரு நெஞ்சு பாக்கியில்லாம டம்ளர் பேட்ஜ் இருக்கோணும். அத அவரு கண்ணால பாத்துட்டாருன்னா அந்தப் புள்ளைய உள்ள எடுக்கச் சொல்லி எழுதிருவாரு” என்றார் செயலாளர். அதுவரை பேட்ஜ்கள் தொலையாமல் இருக்க எல்லாவற்றையும் வாங்கி என்னிடம் தந்தார். பேட்ஜ் என்றால் என் பெட்டிதானே. அவளும் தன்னுடையதைக் கழற்றித் தந்தாள். “உள்ள வார அன்னைக்கு நீயே குத்தி உடோணும் புள்ள. வேற யாரும் தொடக் கூடாது, ஆமா!” என்று விரலை ஆட்டினாள்.

நோம்பிக்கு முந்தின நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சாவியைக் கேட்டான்.

“பேட்ஜெல்லாம் அங்கங்க உரிஞ்சு கெடக்குது. ஆபீசர் வாரப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்குப் பட்டறை லீவுதான். ஒரு கோட்டிங் அடிச்சு வெக்கறேன்.”

“ஆத்துக்கு வர்லீங்ளாண்ணா?”

“நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க. எனக்கு இதுதான் நோம்பி.”

இப்படிச் சொன்னால் எந்தத் தங்கச்சிக்குத்தான் மனசு குளிராது? கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் அம்மாவும் நானும் ஜேடர்பாளையம் போனோம். அணையில் தண்ணீர் பொங்கி விழுந்தது. கரை கொள்ளாத கூட்டம். முழுகி எழுந்து, ஏழு கல்லை நட்டுக் கன்னிமாராக்கி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். அம்மா அண்ணன் கல்யாணத்துக்காகக் கும்பிட்டாள். நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டேன். இரண்டில் எது பலித்தது என்று பின்னால் தெரிந்தது.

நோம்பிக்கு மறுநாள் விடியக்காலம் எழுந்து பார்த்தால் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பிஸ்கட் பெட்டியைக் காணோம். அண்ணனையும் காணோம். “அவன் இருட்டோடவே மில்லுக்குப் போறேன்னு தூக்கிட்டுப் போனான்” என்றாள் அம்மா. எனக்கு ஒரே சந்தோஷம். பாரேன், நான் கொண்டுபோய்க் கொடுக்கிற சிரமத்தைக்கூட வைக்கவில்லை, அவனே கொண்டுபோய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு தலைகூடப் பின்னாமல் பஸ் பிடித்தேன். அந்த பஸ்ஸும் வழியில் பஞ்சராகி நின்று, நான் போய்ச் சேரும்போது கேட் திறந்துவிட்டிருந்தது.

கேட்டில் மாமா நின்றார். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்க நிற்பார்களே, அந்த மாதிரி தாம்பாளமும் கையுமாக. தாம்பாளத்தில் பச்சைப் பேட்ஜ்கள். நடுவில் வெள்ளையாக இரண்டு கை கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது.

“வா சாமி, வா. நம்ம புதுச் சங்கம். நோம்பி முடிஞ்ச கையோட நல்லபடியா ஆரம்பிச்சாச்சு. எடுத்துக் குத்திக்க.”

ஒன்றை எடுத்தேன். விரலில் பச்சை ஒட்டியது. இன்னும் சரியாகக் காயவில்லை. திருப்பினேன். இரண்டு ஓட்டை. ஊக்கு. நூல். என் முடிச்சு.

அடுத்ததைத் திருப்பினேன். அதிலும் என் முடிச்சு. கரும்பு வெட்டுக்காரர்களின் வளைந்த தகரம் பச்சையாகக் கிடந்தது. மே தினப் பெரியவரின் பித்தளைக்கும் பச்சை அடித்திருந்தது. இரண்டு கையையும் விட்டுத் தாம்பாளத்தைத் துழாவினேன். “பொறுமையா எடு சாமி, எல்லாத்துக்கும் இருக்குது” என்று மாமா சிரித்தார். அடியில் கிடந்தது சிவப்பு முடிச்சு. அதை எடுத்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

உள்ளே போகிற பெண்கள் எல்லோர் நெஞ்சிலும் பச்சை. ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினேன். “உன்னத்தான் பாத்துப் பாத்து நின்னோம். நீ வர்ல, பேட்ஜும் வர்ல. இதக் குத்துனாத்தான் உள்ள உடுவேன்னு நிக்கறாரு. நான் என்ன பண்றது?” என்றாள். அவளைச் சொல்லி என்ன? செயலாளர் ஒரு ஓரமாக, வெறும் சட்டையோடு நின்றார்.

அண்ணன் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். நகக்கண் எல்லாம் பச்சை.

“என்ற பெட்டி எங்கீங்ணா?”

“தகரந்தான அம்மிணி. வேற எழுதித் தாரேன்.”

“எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?”

“மாமன் நேத்துத்தான் வந்து கேட்டாரு. காலையிலயே வேணும்னாரு. தகரக்காரரு நோம்பிக்கு ஆத்துக்குப் போயிட்டாரு. வெட்டுன தகரத்துக்கு நான் எங்க போவேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோம்பிக்கு முந்தின நாள் நான் வீட்டுக்கு வந்தபோது தகரக்காரர் கடை திறந்திருந்தது. அவர் உட்கார்ந்து ஒரு குடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போனேன். போனதும் அண்ணன் சாவியைக் கேட்டான்.

“நேத்துத்தான் கேட்டாருன்னா, முந்தாநாளே எதுக்குடா என்ற சாவிய வாங்குன?”

‘டா’ என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே பேசினான். “புதுசா வெட்டுனா உங்களுதும் இருக்கும், எங்களுதும் இருக்கும்னாரு மாமன். இருக்கறதையே அடிச்சுட்டா ரெண்டு வேலையும் ஆச்சுன்னாரு.” டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “தங்கச்சி பேட்ஜக் குத்திட்டு என்னை எதுத்து நிக்கற ஊட்டுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கறதுங்கறாரு. எனக்கு வயசாவுதில்ல?” என்றான்.

அதோடு விட்டிருக்கலாம் அவன்.

“அவளுக்காவ நீ எதுக்குக் கெடந்து துடிக்கற? அவ நம்ம சனமா?”

அந்த டம்ளரை எழுதிய கை அது. மின்னுகிற கோட்டைப் பார்த்துப் பார்த்து இழுத்த கை. அவன் எழுதியதை நம்பி நாங்கள் குத்திக்கொண்டோம். அவனுக்கு அது கிளி எழுதுகிற மாதிரி இன்னொரு வேலை. கூடப் பிறந்தவன் குழி பறித்தால் விழுகிறவரைக்கும் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது.

பேட்ஜைக் குத்தாமல் கையில் வைத்திருந்த என்னை, சொந்தக்காரி என்று மாமா உள்ளே விட்டார். ஆபீசர் ஜீப்பில் வந்தார். ரீலிங்குக்குள் நடந்தார். பானைமேல் பித்தளையும் இல்லை, சுவரில் அலுமினியமும் இல்லை; புத்தம்புது பிளாஸ்டிக் ஜக் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. “ஏதாவது குறை இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டார். “ஒரு குறையும் இல்லீங்க” என்றார் மாமா.

“இருக்குதுங்க சார்” என்றேன்.

நின்றார். சொன்னேன். அவளை வெளியே அனுப்பியதை, டம்ளரை, பேட்ஜை, எல்லாவற்றையும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். “எங்க அந்தப் பேட்ஜ்?” என்றார். முஷ்டியைத் திறந்தேன். பச்சை. கும்பிடு போடுகிற கை. “இதைத்தானேம்மா எல்லாரும் போட்டிருக்காங்க?” என்றார். “அடியில பாருங்க சார், அடியில செவப்பு” என்று நகத்தால் சுரண்டினேன். ஈர எனாமல் இழுபட்டுப் பூசிக்கொண்டதே ஒழிய, உரியவில்லை. என் விரலெல்லாம் பச்சையானதுதான் மிச்சம். அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு மாமாவோடு ஆபீஸ் ரூமுக்கு நடந்தார். அத்தோடு முடிந்தது.

ஷிப்ட் விட்டு வெளியே வந்தேன். அவள் நின்றிருந்தாள். ரிப்பன் கட்டி, துவைத்த சேலை கட்டி, காலையிலிருந்து அதே இடத்தில். எல்லோரும் பச்சையோடு அவளைக் கடந்து உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். காலையில் இருந்த ஆத்திரத்தில் நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. முஷ்டியைத் திறந்து நீட்டினேன். திருப்பி, தன் ரிப்பன் நாரைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தாள்.

“யாரு எழுதுனது?”

“எங்கண்ணன்.”

“நல்லாத்தான் எழுதியிருக்காரு” என்றாள். பேட்ஜை என் உள்ளங்கையிலேயே வைத்தாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க.”

“ஏ புள்ள…” என்றேன். அவள் அதற்குள் காலனிப் பாதையில் இறங்கிவிட்டாள்.

பச்சையை எடுக்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் கழிவுப் பஞ்சுக்குள் வீசிவிட்டுப் போனவற்றைப் பொறுக்கி வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். பச்சை போனது. கூடவே சிவப்பும் போனது, டம்ளரும் போனது. கடைசியில் எண்ணெய் டின்னின் வெறும் தகரம்தான் மிஞ்சியது. அவளுடையதை மட்டும் ஊறப்போடவில்லை. அப்புறம் நான் பேட்ஜ் சேர்க்கவில்லை. யார் நெஞ்சிலாவது பார்த்தால், அதன் முதுகில் என்ன இருக்கிறதோ என்றுதான் தோன்றும்.

தை மாதம் அண்ணனுக்கும் மாமா பெண்ணுக்கும் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்குள்ள இடம் போகாது என்பதற்கு அந்தச் சீர். அம்மா என் காலைப் பிடிக்காத குறை.

“அவனுக்குப் பொறந்தவ நீ ஒருத்திதான சாமி. நீ நிக்காம யாரு நிப்பா?”

“பெரியப்பன் ஊட்டுப் புள்ளைய நிக்க வெச்சுக்கங்க.”

“தகரத்துக்கு இவ்வளவு ரோசமா?”

அவளும் தகரம் என்றுதான் சொன்னாள்.

முகூர்த்தத்தன்று காலை, ஒலிபெருக்கிச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, நான் காலனிக்கு நடந்தேன். மில்லை விட்டபிறகு அவள் மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். அன்று வீட்டில்தான் இருந்தாள். கையில் கரும்புத் தோகை கீறின கோடுகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் அம்மா ஓடிப்போய்ப் பாயைக் கொண்டுவந்து வாசலில் விரித்தாள்.

“உக்காருங்கம்மிணி” என்றாள் அவள். “உங்க ஊட்ல இன்னைக்குக் கல்யாணமுங்களே?”

“நான் போவல புள்ள.”

நடந்து வந்ததில் தொண்டை வறண்டிருந்தது. “ஒரு வாய் தண்ணி குடு” என்றேன்.

அவளும் அவள் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் செருப்புக்கூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கலர் சோடா பாட்டில். எங்கள் சனத்தில் யாராவது அந்தத் தெருவுக்கு வந்தால் அப்படித்தான் வாங்கிக் கொடுப்பார்கள். கடைச் சரக்கு, அவர்கள் வீட்டுப் பாத்திரம் படாதது.

“எனக்குத் தண்ணி போதும் புள்ள.”

“ஒடச்சு வாங்கியாந்துட்டனுங்க. குடிங்க.”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவன்மேல் வந்தது. என்னோடு பிறந்தவன், என்னையும் எடுத்து அவன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டிருந்தான், நான் இணைச்சீருக்குப் போகாவிட்டாலும். குடித்தேன். வெதுவெதுப்பாக, தித்திப்பாக இருந்தது. முடிக்கிறவரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை தெரிந்தது. மூடிமேல் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அதில் அவள் எனக்குத் தண்ணீர் தரவில்லை.